சம்பளச் சான்று

இஸ்திரிக்காரர் சலவைக்கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றே வாழ்ந்தவர். ஊரார் சட்டைகளை மடிப்புக் குலையாமல் அனுப்பிவிட்டு, கசங்கிய சட்டையோடு வீடு போவார். வாயைத் திறந்து எதையும் கேட்டுப் பழக்கமில்லை. அந்தப் பாழாய்ப்போன குணம்தான் குடியைக் கெடுத்தது.

பிள்ளையில்லாத வீடு, இரண்டே பேர். மனைவிக்கு இதயத்தில் வால்வு பழுது. நான்கு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். வருமானம் குறைந்தவர்களுக்கு அரசே செலவை ஏற்கும் திட்டம் இருந்தது. இரண்டு பேர் உள்ள குடும்பத்துக்கு வைத்த வரம்பை இவர் சம்பளம் ஒருநாளும் தாண்டியதில்லை. அதை முதலாளி எழுதிக் கொடுத்தால் போதும்.

"ஒரு சம்பளச் சான்று வேணும் மொதலாளி."

எதற்கு என்று சொல்லவில்லை. வீட்டில் நோய் என்றால் இவன் லீவு கேட்பான் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம்.

அந்தக் கடையில் யார் சான்று கேட்டாலும் கடன் வாங்கத்தான் இருக்கும். முதலாளியும் தாராளமாக இரண்டு மடங்காக எழுதித் தள்ளுவார். காகிதத்தில் கொடுக்கிற சம்பளத்துக்கு என்ன பஞ்சம்? முத்திரை குத்தி, உறையை ஒட்டி நீட்டினார்.

"நல்லாவே எழுதியிருக்கேன், போ."

இவரும் அதைப் பிரிக்காமல் அப்படியே திட்ட அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"இவ்ளோ சம்பளம் வாங்கிட்டு இங்க வந்து நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்றாள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண். மனு தள்ளுபடி. அடுத்த மனு ஆறு மாதம் கழித்துத்தான்.

முதலாளியிடம் ஓடினார்.

"ஆஸ்பத்திரிக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இப்ப மாத்தி எழுதினா, நான் எழுதினதெல்லாம் பொய்னு ஆயிடுமேப்பா!"

முதலாளி நிஜமாகவே வருந்தினார். வருந்துவதற்குச் செலவில்லையே.

ஐந்தாம் மாதம் மனைவி போய்ச் சேர்ந்தாள். துக்கம் கேட்க வந்த முதலாளி, மனம் கேளாமல், உள்ள சம்பளத்தை எழுதிய புதுச் சான்று ஒன்றைக் கையில் திணித்துவிட்டுப் போனார். யாருக்கு வேண்டும் அது?

ஆனாலும் ஆறு மாதம் முடிந்த அன்று இஸ்திரிக்காரர் அதே ஜன்னலில் போய் நின்றார்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்மா. தகுதி இருக்குன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

அவள் சான்றைப் படித்தாள். இந்த முறை குரல் தணிந்திருந்தது.

"வீட்ல எத்தனை பேருங்க?"

"நான் மட்டுந்தான்."

பட்டியலில் விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"ஒரு ஆளுக்கு வரம்பு கம்மிங்க. ரெண்டு பேர் இருந்தா கெடச்சிருக்கும்."