ரீகெல்ட்டின் நங்கூரம்

ஃபெம்மி லோஸ்ட்ரா, பிறப்பு 1957 மார்ச் 4, நெதர்லாந்தின் உர்க் மீனவ ஊர். 1978இல் சபையில் விசுவாச அறிக்கை செய்து அப்பமும் திராட்சரசமும் பகிரும் இராப்போஜன மேசைக்கு உரியவரானார். 1979இல் மெய்ந்தெர்ட்டை மணந்தார். 2003இல் அவரை இழந்தார். மீன் பதனிடும் கூடத்தில் முப்பத்தோராண்டு நாக்குமீனுக்குத் தோல் உரித்தார். ஒரே மகன் ரீகெல்ட், பிறப்பு 1986, இழுவைப் படகுத் தொழிலாளி.

2010 அக்டோபரில் ரீகெல்ட் இடது முன்கையில் நங்கூரம் ஒன்றைப் பச்சை குத்திக்கொண்டு வந்தான். அதன் கீழே தந்தையின் பெயர்.

"தேய்ச்சுக் கழுவினா போகுமாடா?"

"போகாதும்மா. அப்பா பேரு எதுக்குப் போகணும்?"

நவம்பரில் மூப்பர்கள் இருவர் இருவராக வீடு வீடாக வந்து ஆத்தும நிலையை விசாரிப்பது அந்தச் சபையின் வழக்கம். வெளியார் வாயால் செய்தி போவதற்குள் தானே சொல்லிவிட்டால் ஒரு கண்டிப்போடு முடிந்துவிடும் என்று ஃபெம்மி நம்பினார். காபி ஊற்றியபடியே சொல்லிவிட்டார். வந்திருந்த இருவரில் மூத்தவர் ஹெஸ்ஸல் பிரான்ட்ஸ்மா; தன் தந்தையைப் போலவே இரு காதிலும் பொன் குமிழ் அணிந்தவர்.

"செத்தவங்களுக்காக உடம்புல எழுத்துக் குத்தக் கூடாதுன்னு மோசேயோட சட்டம் சொல்லுதே, தெரியாதா? ஃபெம்மி, தையல் நாடா இருக்கா?"

எழுந்து போய் எடுத்து வந்தவர் ஃபெம்மிதான்.

"அளவு எதுக்கு மூப்பரே, எனக்குக் கோட்டு தைக்கப் போறீங்களா?" என்றான் ரீகெல்ட்.

"குறிப்பேட்டுல சரியா ஏறணும் தம்பி. நாளைக்கு யாரும் இல்லேன்னு சாதிக்கக் கூடாது."

"அப்போ உங்க காதுல குத்தியிருக்கிறதையும் அளந்து எழுதிக்கங்க."

"இது அடையாளத்துக்குப்பா. கடல்ல போனவன் கரை ஒதுங்கினா இன்னார்னு தெரிய வேண்டாமா?"

நங்கூரத்தின் நீளம் ஏழு சென்டிமீட்டர். வலது கொக்கி சற்றே வளைந்தது. கீழே ரோமன் லிபியில் எட்டு எழுத்துகள். இவ்வளவும் குறிப்பேட்டில் ஏறின. பச்சையை நீக்கி மனம் வருந்தும்வரை ரீகெல்ட்டுக்கு மேசை மறுக்கப்பட்டது. அவன் நீக்கவில்லை. தாயும் மகனும் அருகருகே அமர்ந்து திருப்பந்தியில் சேரும் நாளும் அத்துடன் நின்றது.

2012 பிப்ரவரியில் ரீகெல்ட் போன படகு கவிழ்ந்தது. ஏப்ரலில் டென்மார்க் கரையில் ஓர் உடல் ஒதுங்கியது. முகம் இல்லை, காதில் குமிழும் இல்லை. ஹெஸ்ஸல் குறிப்பேட்டைத் திறந்து தொலைபேசியில் காவலர்களுக்கு வாசித்தார். ஏழு சென்டிமீட்டர். வலது கொக்கி வளைந்தது. எட்டு எழுத்துகள். எல்லாம் பொருந்தின.

அடக்கம் முடிந்த மறுவாரம் ஃபெம்மி மூப்பர் கூட்டத்துக்குப் போனார்.

"அந்தத் தடையைக் குறிப்பேட்டுலேர்ந்து அடிச்சிடுங்க மூப்பரே. எம்புள்ள கையில இருந்ததும் அடையாளந்தானே? நீங்களே பார்த்துட்டீங்களே."

ஹெஸ்ஸலின் கை தன்னையறியாமல் காதுக்குப் போய் இறங்கியது.

"மனந்திரும்பினவங்களுக்குத்தான் தடை நீங்கும், ஃபெம்மி. இனிமே அவன் வந்து எப்படிச் சொல்லுவான்?"

"உங்க குறிப்பேட்டை வச்சுத்தானே அவனை எனக்குக் கொண்டாந்து குடுத்தீங்க?"

"அதைத்தான் நானும் சொல்றேன். குறிப்பு அவ்வளவு சரியா இருக்கு. அதுல கைவைக்க முடியாது."

ஃபெம்மி சபையை விட்டு விலகவில்லை. ஞாயிறுதோறும் மூன்றாம் வரிசையில் அமர்கிறார். ஆண்டுக்கு நான்கு முறை மேசை விரிக்கப்படும்போது மற்றவர்கள் எழுந்து போக, அவர் இருக்கையிலேயே இருந்துவிடுகிறார்.

2012 ஜூன் முதல் 2024 டிசம்பர் வரை அங்கே நடந்த இராப்போஜனங்கள் ஐம்பத்தொன்று. ஃபெம்மி பங்கேற்றவை பூஜ்யம்.