காலி ஐஸ் பெட்டி

“குழம்பு கூட்டி வைச்சிருக்கிறன். மீனோட கெதியா வாங்கோ.” சாப்பாட்டுக் கடை அன்ரியின் குரல் போனில் ஒலிக்க, என் அணித்தோழன் கார்த்திக் என்னைப் பார்க்கிறான். வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனருகே காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் உட்கார்ந்திருக்கிறோம்.

ஸ்னோயி மலைப்பக்க ஆற்றில் நடந்த தூண்டில் போட்டியில் எங்கள் அணிக்கு மூன்றாமிடம். பிடித்த மீனை அளந்துவிட்டு உயிரோடு ஆற்றில் விடவேண்டும் என்பது விதி. வழிச்சோறு கட்டிக்கொடுத்து, கோயிலில் அர்ச்சனையும் செய்து அனுப்பிய அன்ரியிடமும் கடைக்காரர்களிடமும் அதைச் சொல்ல எங்களுக்குத் தோன்றவே இல்லை. இப்போது நன்றி சொல்ல வந்திருக்கிறோம்.

கடைக்குள் புளி கொதிக்கிற வாசனை. மேசைகளில் தட்டுகள் தயார். எல்லார் கண்ணும் என் கையிலிருக்கும் ஐஸ் பெட்டி மேல். அவர்கள் சோறு வைத்துக் கொடுத்த பெட்டிதான். கழுவித் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறோம்.

“எத்தினை பிடிச்சனீங்கள், தம்பி?”

“பதினாலு, அன்ரி.”

கைதட்டல். அன்ரி கரண்டியோடு வருகிறார். “அப்ப பெட்டியைத் திறவுங்கோ.”

“எல்லாத்தையும் ஆத்துலயே விட்டுட்டோம், அன்ரி. அதுதான் ரூல்.”

“உயிரோடயோ?”

“ஆமா.”

கைதட்டியவர்கள் காலித் தட்டுகளைப் பார்க்கிறார்கள். அடுப்பில் குழம்பு மட்டும் கொதிக்கிறது.

“ஒரு கிழமையா உங்களுக்காகக் கும்பிட்டனாங்கள்,” என்கிறார் அன்ரி. “அது மீனுக்கெல்லோ பலிச்சிருக்கு!”

சிரிக்கலாமா என்று தெரியவில்லை. “அன்ரி, ரொம்ப தேங்க்ஸ்...” என்று ஆரம்பிக்கிறேன். அவர் காதில் வாங்காமல் அலமாரியிலிருந்து இரண்டு மீன் டின்களை எடுத்து என் கையில் வைக்கிறார்.

“இதையாவது தப்ப விடாமல் வெட்டித் தாங்கோ.”