கோப்பையில் வாய் வைத்த நாள்

தொண்ணூற்றெட்டில், மராத்தி பேசும் ஊரான போசரியில் ஒரு பானக் கம்பெனியில், நான் எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து நின்றேன். அதைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது, அன்பர்களே. ஆனால் முருகன் செய்ததை வெளியே சொல்லாமல் இருந்தால் நன்றிகெட்டவன் ஆகிவிடுவேன்.

நான் திருநெல்வேலிக்காரன். கெமிக்கல் இஞ்சினியரிங் படித்தவன். உரக் கம்பெனியிலோ பெயிண்ட் கம்பெனியிலோ வேலை கிடைக்கும் என்று வீட்டில் காத்திருந்தார்கள். கிடைத்ததோ புதுப் பானங்கள் உருவாக்கும் வேலை. கோகம் சர்பத், மாங்காய் பன்ஹா, இப்படி. எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் வைத்தால் கெடாது என்று கணக்குப் போடுவதில் நான் புலி. அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "சர்பத் கலக்கவாலே உன்ன இம்புட்டுப் படிக்க வச்சேன்?" என்று போனில் கேட்டார். சொந்தக்காரர்களிடம் நான் ஏதோ பெரிய பிளான்ட்டில் இருப்பதாகச் சொல்லிவைத்திருந்தார். நானும் மறுக்கவில்லை.

அந்த வேலைக்குக் கணக்கு மட்டும் போதாது, நாக்கும் வேண்டும். மூன்று கோப்பை வைப்பார்கள். இரண்டில் ஒரே பானம். ஒன்றில் மட்டும் உப்போ புளிப்போ துளி கூடியிருக்கும். அது எது என்று சொல்ல வேண்டும். இதில் தேறினால்தான் வேலை நிரந்தரம். கூட இருந்தவர்கள் பட்டென்று சொன்னார்கள். எனக்கு மூன்றும் ஒன்றாகவே இருந்தன. குத்துமதிப்பாக ஒன்றைக் காட்டினேன், தப்பு. மறுமுறையும் தப்பு. எங்கள் பிரிவின் தலைவி தேஷ்பாண்டே மேடம் இந்தியில் கேட்டார்: "என்ன இஞ்சினியர் சாப், நாக்க வீட்லயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். திங்கட்கிழமை கடைசி வாய்ப்பு என்று சொல்லிவிட்டார்கள். அதிலும் தோற்றால் ஊருக்குப் போய் அப்பா முகத்தில் எப்படி விழிப்பேன்?

பக்கத்தில் கிர்கியில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அவளிடம் எதையும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கார்த்திகை. "என்னலே மூஞ்சி செத்துக் கெடக்கு? கெளம்பு, கோயிலுக்குப் போவோம்" என்று இழுத்துக்கொண்டு போனாள். நம் ஆட்கள் சேர்ந்து கட்டிய சின்ன முருகன் கோயில். சன்னிதியில் நின்று மனசுக்குள் கத்தினேன். 'முருகா, எனக்கு நாக்கைக் கொடு. இல்லாவிட்டால் இந்த வேலையை நீயே பிடுங்கிக்கொள். இந்த அவமானம் என்னால் தாங்க முடியவில்லை.'

அபிஷேகம் முடிந்து குருக்கள் உள்ளங்கையில் பஞ்சாமிர்தம் வைத்தார். நக்கிச் சாப்பிட்டேன். பழம் தெரிந்தது, தேன் தெரிந்தது, கடைசியில் லேசாக ஒரு கசப்பு. என்னையறியாமல் கேட்டுவிட்டேன். "சாமி, ஏலக்காயத் தோலோட இடிச்சீங்களா?"

அவர் திகைத்துப்போனார். "ஆமாம்ப்பா, இன்னிக்குக் கூட்டம், அவசரத்துல இடிச்சிட்டேன். உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

எப்படித் தெரிந்தது? வீடு திரும்பியதும் அக்கா தண்ணீர் கொடுத்தாள். டம்ளரைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். பாதியில் கை அப்படியே நின்றுவிட்டது. எங்களுடையது சைவ வீடு. பாத்திரத்தில் வாய் வைத்தால் எச்சில் என்று சின்ன வயதிலேயே அடி விழும். கம்பெனியிலும் நான் அப்படித்தான் குடித்துக்கொண்டிருந்தேன். மூக்கு கோப்பையின் பக்கமே போகவில்லை. பானம் நாக்கில் நிற்காமல் நேராகத் தொண்டைக்கு இறங்கியது. பிறகு ருசி எங்கிருந்து தெரியும்? பஞ்சாமிர்தத்தை உள்ளங்கையில் வைத்து நக்கச் செய்து முருகன் அதைக் காட்டிவிட்டான். அக்கா முன்னாலேயே தேம்பித் தேம்பி அழுதேன்.

திங்கட்கிழமை கோப்பையை உதட்டருகே கொண்டுபோனபோதே எச்சில் என்ற நினைப்பு வந்தது. குமட்டல்கூட வந்தது. 'முருகா' என்று வாய் வைத்தேன். முகர்ந்தேன், நாக்கில் உருட்டினேன். நடுக்கோப்பையில் உப்பு கூடுதல் என்றேன். மேடம் கோப்பைகளை இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் சரியாகச் சொன்னேன்.

எல்லோரும் போன பிறகு அவர் என்னை உட்காரச் சொன்னார். "இன்னிக்குத்தான் நீங்க கோப்பையில வாய் வெச்சுப் பாக்கறேன். ஒரு தடவை எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தப்ப, நான் குடுத்த கிளாஸையும் நீங்க வாயில வைக்கல. எங்க கை பட்டது உங்களுக்கு ஆகாதுன்னு நெனச்சேன். மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்றார்.

பழக்கம் மேடம், வேறொன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அது பொய்யாகியிருக்கும். ஏனென்றால் அவர் நினைத்ததில் உண்மை இருந்தது. யார் வாய் வைத்த கிளாஸோ என்று அன்று அவர் வீட்டில் எனக்கு உள்ளுக்குள் அருவருப்பாகத்தான் இருந்தது. பாத்ரூமில் அழுதபோது பட்டதெல்லாம் ஒரு அவமானமா? இதுதான் அவமானம் என்று அந்த நாற்காலியில் கூனிக் குறுகிப் போனேன். மன்னிப்புக் கேட்டேன்.

வேலை நிரந்தரமானது. இரண்டாயிரத்துக்குப் பிறகு நான் சேர்ந்து உருவாக்கிய பானங்கள் அக்கம்பக்கத்துப் பாணேர், ஹிஞ்சேவாடி கடைகளில் எல்லாம் இருந்தன. அப்பாவே ஊரில், "பய சர்பத் கம்பெனியிலதான் இருக்கான்" என்று சொல்ல ஆரம்பித்தார். எல்லாம் அவன் போட்ட பிச்சை.

அன்பர்களே, உங்களுக்கும் வெளியே சொல்ல முடியாத ஏதாவது இருக்கும். அதை அவன் சன்னிதியில் அப்படியே போட்டுவிடுங்கள். அவன் கைவிடமாட்டான். ஆனால் ஒன்று. நான் நாக்கு மட்டும்தான் கேட்டேன். என் மனசு எப்படிப்பட்டது என்பதையும் சேர்த்தே காட்டிவிட்டான். அதற்கும் தயாராகப் போங்கள்.