தூக்கினால் ஒடியும்

கம்பு ஒடிந்தது என் குற்றமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அட்டுவம்பட்டியில் என் வீட்டுச் சன்னலோரம் ஒரு தையல் மேசை கிடக்கிறது. அதில் வைத்துத்தான் தூண்டில் ராடு கட்டுகிறேன். கார்பன் நாரில் செய்த வெறுங்கம்பு வெளியூரிலிருந்து பார்சலில் வரும். கறுப்பாக, சாட்டை மாதிரி நுனி மெலிந்து, ஆள் உயரத்துக்கும் மேலே இருக்கும். அதற்குத் தக்கையில் பிடி வைத்து, நைலான் நரம்பு ஓடுகிற வளையங்களை நூலால் சுற்றிக் கட்டி, மேலே பசை பூசிக் காய வைத்தால் ராடு. கேட்பதற்கு இவ்வளவுதான். எனக்கு ஐந்து நாள் பிடிக்கும். மழைக்காலமென்றால் எட்டு நாள். இந்த ஊர் ஈரத்தில் பசை காய மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

பள்ளிக்கூடம் ஒன்றின் தையல் அறையில் முப்பது வருஷம் பிள்ளைகள் சட்டைக்குப் பொத்தான் தைத்தவள் நான். அங்கே இருந்த வெள்ளைக்கார வாத்தியார் ஒருநாள் வளையம் கழன்ற ராடு ஒன்றைக் கொண்டுவந்து, நூல் வேலைதானே, செய்து பாரும்மா என்றார். தலை நிமிராமல் வாங்கிக் கட்டிக் கொடுத்தேன். மறு வாரம் மூன்று கொண்டுவந்தார். அவர் தேசத்தில் பாஸ் என்று ஒரு மீனாம். தண்ணீர் மேலே போகிற தவளையை ஓடி வந்து விழுங்குமாம். அதைப் பிடிக்கிற ராடு இது என்று கையையெல்லாம் ஆட்டிச் சொன்னார். அடே, இது நம்ம விரால் பண்ணுகிற வேலையல்லவா என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. வெள்ளைக்காரரை விடுங்கள், பால்காரரிடமே எனக்குப் பேச்சு வராது.

வேலையிலிருந்து நின்ற பிறகு ராடுதான் என் சோலி என்று ஆகிப்போனது. பழனி பஜாரில் தூண்டில் சாமான் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் வாங்கிக்கொண்டார். பழைய சேலையில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுபோவேன். கடைக்குள் ஆள் இருந்தால் போகும்வரை வெளியே நிற்பேன். மலையில் ஒருத்தர் செய்கிறார் என்று பாய் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். ஒருத்தர் என்றதும் ஆம்பளை என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

இப்படி இருக்கையில் போன தை மாதம் பாய் போன் போட்டார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்த ராடு ஒடிந்துவிட்டதாம். வேலை சரியில்லை என்று கடையில் வந்து சத்தம் போட்டாராம். அவருக்குப் பின்னால் விரால் பிடிக்கிற கூட்டம் ஒரு பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் என் ராடுக்குச் சொல்லி வைத்திருந்தவர்கள்.

"அம்மா, மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வார்த்த நானே சொல்லிர்றேன். நீங்க புதுசா ஒண்ணு கட்டுங்க. கம்பு நல்லா தடியா இருக்கட்டும். இனிமே எல்லாருக்கும் தடியாவே கட்டிருவோம். இல்லைன்னா கம்பெனி ராடுதான் வாங்கி வைக்கணும், எனக்கு வேற வழி தெரியல" என்றார்.

நல்ல மனுஷன், மிரட்டவில்லை. ஆனாலும் விஷயம் அதுதான். தடியாகக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் என் வேலை போய்விடும். ஒடிந்ததை அனுப்புங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

வந்தது. சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். என் கட்டில் குறை இருந்தால் வளையத்துக் காலடியில், நூல் முடிகிற இடத்தில் ஒடியும். இது நுனியிலிருந்து ஒரு சாண் கீழே, இரண்டு வளையத்துக்கு நடுவில், எந்தக் கட்டும் இல்லாத இடத்தில் சிலும்பு சிலும்பாகப் பிளந்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. மூங்கிலில் பிடித்துப் பழகிய கை. மூங்கில் தூண்டிலில் மீன் மாட்டினால் விருட்டென்று தலைக்கு மேலே தூக்கிப் பின்னால் கரையில் எறிவார்கள். நம் பக்கத்துப் பழக்கமே அதுதான். இந்தக் கம்பை அப்படிச் செங்குத்தாக நிமிர்த்தினால் மீனின் கனம் முழுக்க நுனி ஒரு சாணில் போய் நிற்கும். ஒடியாமல் என்ன செய்யும்? அடியிலிருந்து நுனி வரை மொத்தமும் வளைந்து கொடுப்பதற்குத்தான் அதை அவ்வளவு மெலிசாகச் செய்திருக்கிறார்கள். தடியாகக் கட்டினால் ஒடியாது, வாஸ்தவம். மீன் மூச்சு விடுவதும் கைக்குத் தெரியாது. விறகை வைத்துக்கொண்டு மீன் பிடிக்கவா நான் கண் வலிக்க நூல் சுற்றுகிறேன்?

மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கோபத்தில்தான். நாலாம் நாள் ஒடிந்த இடத்தைச் சீவி, புது நுனி வளையம் மாட்டி, மற்ற வளையங்களைப் பிரித்து இடம் மாற்றிக் கட்டினேன். ஒரு சாண் குட்டையாகிவிட்டது, மற்றபடி பழுதில்லை. காய்ந்ததும் பாய்க்கு நானே போன் போட்டேன். நானாக ஒருத்தருக்குப் போன் போட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ராடு தயார், கடைக்குக் கொண்டுவர மாட்டேன், கன்னிவாடிப் பக்கம் என் தங்கச்சி ஊர்க் குளத்துக்கு மண்டிக்காரரையே வரச் சொல்லுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டி வருகிறேன் என்றார் பாய்.

முதல் நாளே இறங்கித் தங்கச்சி வீட்டில் தங்கினேன். வருஷத்துக்கு நாலு தடவை நான் அந்தக் குளத்தில் விரால் பிடிப்பது அவளுக்குத் தெரியும். "ஏன்க்கா, ஆம்பளைக வந்தா சேலையை இழுத்து மூடிக்கிட்டு அடுப்படிக்குள்ள போயிருவ. நீ போயி மண்டிக்காரர்ட்ட நியாயம் பேசப் போறியாக்கும்" என்று சிரித்தாள். பேசத்தான் வேண்டும் என்று யார் சொன்னது என்றேன்.

வெள்ளனே குளத்தங்கரைக்குப் போனேன். பாய் வண்டியில் வந்தார். மண்டிக்காரர் கூட்டாளிகள் இரண்டு பேரோடு காரில் வந்தார். ஐம்பது வயதிருக்கும், நல்ல உடம்பு. என்னைப் பார்த்துவிட்டு, ராடு செய்கிறவர் வரவில்லையா என்று பாயிடம் கேட்டார். இவங்கதான் என்று பாய் கை காட்டினார். கூட்டாளிகளில் ஒருத்தர் சிரித்தே விட்டார்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. ஒடிந்து குட்டையான அதே ராடில் ரப்பர் தவளையை மாட்டித் தாமரை இலை ஓரமாக வீசினேன். இலைக்கு இலை தவ்விக்கொண்டு வந்தது. ஒன்றுமில்லை. மறுபடி வீசினேன். ஆறாவதோ ஏழாவதோ வீச்சில் தண்ணீர் குபுக்கென்று வாயைத் திறந்தது. அவசரப்பட்டு இழுத்துவிட்டேன். தவளை மட்டும் வந்தது. தனியாக நிற்கும்போது இந்தத் தப்பை நான் செய்வதே இல்லை. பின்னால் ஆள் நின்றால் கை நம் பேச்சைக் கேட்பதில்லை.

"ஆத்தா, தவளைக்குப் பசிக்குது போல, கரைக்கு வந்துருச்சு" என்றார் சிரித்த ஆள்.

அப்புறம்தான் அவர்கள் நிற்பதையே மறந்தேன். இலைக்கூட்டத்துக்கு அந்தப் பக்கம் போட்டு, நிறுத்தி, மெதுவாக அசைத்தேன். இழுத்தது. இரண்டு மூச்சு பொறுத்தேன். நரம்பு ஒரு பக்கமாக ஓடத் தொடங்கியதும் கம்பைப் பக்கவாட்டில் சாய்த்து வெட்டி இழுத்தேன். மாட்டிக்கொண்டது. கம்பு பிடி வரைக்கும் வளைந்தது. அந்த வளைவு உள்ளங்கையில் வந்து இறங்கும் பாருங்கள், அதற்காகத்தான் இந்த வயதில் இரண்டு பஸ் மாறி வருகிறேன். நிமிர்த்தவில்லை. தாழ்த்தியே பிடித்து, அது ஓடும்போது விட்டு, நிற்கும்போது சுற்றி, நான் பின்னாலே நடந்து நடந்து விராலைச் சேற்றுக் கரையில் வழுக்கி ஏற்றினேன். முழங்கையளவு நீளம்.

மண்டிக்காரர் மீனைப் பார்த்தார், ராடைப் பார்த்தார், புதிதாக நுனி கட்டிய இடத்தைத் தடவினார். அவரும் விவரம் தெரியாதவர் இல்லை.

"சரி ஆத்தா, நான் தூக்கினது தப்புத்தான். ஆனா இப்பிடி ஆட்ட இழுத்துட்டு வர்ற மாதிரி இழுத்தா, வீடியோவுல என்ன இருக்கு? மீனு தலைக்கு மேல பறந்து வந்தாத்தானே பாக்குறவன் லைக் போடுவான். எனக்குத் தூக்குற மாதிரியே ஒண்ணு தடியா கட்டிக் குடுங்க. என்ன ஆனாலும் தர்றேன்."

பாய் என் முகத்தையே பார்த்தார். சரி என்று நான் தலையாட்டினால் பன்னிரண்டு ராடு. குனிந்து விராலின் வாயிலிருந்து தவளையைக் கழற்றினேன். எப்படித்தான் வாய் வந்ததோ தெரியவில்லை.

"பறக்குற மீனு வேணும்னா மூங்கில் வெட்டிக்கங்க தம்பி. நான் கட்ட மாட்டேன்."

அவர் கோபப்படவில்லை. ஆத்தாவுக்கு ரோஷத்தப் பாரு என்று கூட்டாளிகளிடம் சொல்லிக்கொண்டே காரில் ஏறினார். ராடைப் பாய் கையிலேயே விட்டுவிட்டுப் போனார். பன்னிரண்டு பேரும் போச்சே அம்மா என்றார் பாய். போகட்டும் என்றேன். இன்னும் நாலு வீச்சுப் போட்டுவிட்டுத்தான் கரையேறினேன்.

இரண்டு மாதம் போன் வரவில்லை. பொய் சொல்வானேன், போன் எங்கே அடித்தாலும் திரும்பிப் பார்த்தேன். மேசையைத் துடைத்துத் துடைத்து வைத்தேன். பிறகு சித்திரையில் பாய் கூப்பிட்டார். அன்றைக்குச் சிரித்த ஆளே ராடு கேட்கிறாராம். மெலிசாகவே வேண்டுமாம். அந்த வளைவை அவரும் பார்த்திருக்கிறார்.

கட்டினேன். இந்தத் தடவை பிடியோடு ஒரு தாளும் சுற்றி அனுப்பினேன். அஞ்சாம் வகுப்பு வரைதான் படிப்பு, எழுத்து குண்டு குண்டாக இருக்கும், ஆனால் தெளிவாக இருக்கும். இந்த ராடை மலையில் ஒரு பெண் கட்டியிருக்கிறாள். மீனைச் செங்குத்தாகத் தூக்கினால் ஒடியும். தூக்கி ஒடித்ததைத் திரும்பக் கொண்டுவராதீர்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

பாய் போனில் படித்துக் காட்டிவிட்டு, கொஞ்சம் வெட்டுனாப்புல இருக்கும்மா, முன்னாடி ஒரு தயவுசெய்து போட்டுருவோமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

வேண்டாம் என்றேன்.