பாலத்துக்குக் கை தூக்கியவர்

எல்கானா பூரிங்டன் அமெரிக்காவின் மெய்ன் மாகாணச் சட்டசபைக்கு மூன்று முறை போனவர். அதற்கெல்லாம் முன்பே, கென்னபெக் ஆற்றில் வண்டிகளையும் மாடுகளையும் அக்கரை சேர்த்தவை அவருடைய படகுகள்தான்.

ஒரு ஏப்ரலில் பனிக்கட்டி உடைந்து ஓட, படகு இரண்டு நாள் நின்றது. வைத்தியர் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டார். ஏசா கிரம்மெட்டின் மனைவி பிரசவத்தில் போய்விட்டாள். ஏசா யாரையும் திட்டவில்லை. அதன்பின் ஊர்க்கூட்டம் தவறாமல் வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் எல்கானா பாலத்துக்கு மசோதா கொண்டுவந்தார். முதல் வருஷம் சபையில் சிரித்தார்கள். அடுத்த வருஷம், பாலமுனையில் நிலம் வாங்கியிருக்கிறார் என்று புரளி கிளப்பிவிட்டார்கள். மூன்றாம் வருஷம் நான்கு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியபோது அவருக்குச் சந்தோஷப்படத் தெம்பில்லை.

திறப்பு விழாவன்று பேண்டு சத்தத்திலிருந்து நழுவிப் படகுத்துறைக்கு வந்தார். படகோட்டி ஜோத்தம் லீச் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கு ஒரு கோழிகூட ஏறல, முதலாளி."

"தெரியும்."

"இப்படி ஆகும்னு தெரிஞ்சேதான் கை தூக்குனீங்களா?"

"ஆமா."

"இருபத்தாறு வருஷம் உங்க படகைத் தள்ளியிருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையே!"

சபையில் எத்தனையோ பேரிடம் கெஞ்சியவர், இவனிடம் சொல்லக்கூட மறந்திருந்தார். தன் மர அறுவை ஆலையில் வேலை கொடுத்தார். ஜோத்தம் ஒரு வாரம் வந்தான். பிறகு தங்கை வீட்டோடு போய்விட்டான். படகுகள் விறகு விலைக்குப் போயின.

கோடையில் கட்சிக்காரர்கள் வந்தார்கள். "பாலம் கட்டின மனுஷன்னு சொன்னாலே ஜெயிச்சிடலாம். இன்னொரு தடவை நில்லுங்க."

"அந்தச் சட்டசபை மாடிப்படி இனிமே ஏற முடியாதுப்பா."

அவர்கள் போனதும் மனைவி டுரூசில்லா கேட்டாள்: "நெஜமாவே படிதான் காரணமா?"

"இல்ல. ஜோத்தம் முகம்தான். படின்னு சொன்னாத்தான் அவங்களுக்குப் புரியும்."

செப்டம்பரில் ஓட்டுப் போடப் போனார். மேசையில் அவரைத் தெரியாத புது ஆள்.

"பேரு?"

சொன்னார். அந்த ஆள் பட்டியலில் வெகுநேரம் விரலை ஓட்டித் தேடினான். எல்கானா சுவரில் சாய்ந்து நின்று காத்திருந்தார்.