குருவி வீட்டுக்குச் சாத்திய ஏணி

நீங்கள் நம்பவேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வேறொருவர் வந்து என்னிடம் சொல்லியிருந்தால் நானும் தலையை ஆட்டிவிட்டு, பாவம், மனுசனுக்கு நித்திரை இல்லை என்று நினைத்துக்கொண்டு போயிருப்பேன். பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழுந்து போகிறவன் நான். கோவிலுக்குப் போவதுகூட மனைவியைக் காரில் இறக்கிவிடத்தான்.

அப்போது டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு வேலை. உடைந்த கதவு, அடைத்த குழாய், தோட்டம் எல்லாம் நானும் ஹென்ரிக் என்ற டேனிஷ்காரனும்தான் பார்த்தோம். பின்தோட்டத்தில் உயரமான கம்பத்தின் மேல் ஒரு குருவி வீடு இருந்தது. வெள்ளைப் பலகை, சிவப்புக் கூரை, பன்னிரண்டு அறைகள், அறைக்கு ஒரு வட்ட ஓட்டை. அமெரிக்காவில் கொஞ்சக் காலம் இருந்த ஒரு தச்சர், அங்கே ஊதா நிறக் குருவிகளுக்கு இப்படிக் கட்டி வைப்பதைப் பார்த்து வந்து, கடைசிக் காலத்தில் இந்த இல்லத்தில் இருந்தபோது செய்ததாம். அமெரிக்கக் குருவி இங்கே எங்கே வரப்போகிறது, ஸ்டேர் என்று இங்கே ஒரு கறுப்புக் குருவி, எங்கள் மைனாவின் சாதி, அதுதான் வருடா வருடம் வந்து குடியிருந்தது. பிறகு பலகை உக்கி, உள்ளே ஈரம் ஊறி, இரண்டு வருடமாக அதுவும் வரவில்லை.

யன்னலோரக் கதிரையில் இருக்கிறவர்களுக்குப் பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது. தச்சர் செய்த வெளிப்புறம் அப்படியே இருக்கட்டும், உள்ளே புதிதாக்குங்கள் என்றார் நிர்வாகி. கொஞ்சம் அகலமாக, காற்றுப் போக வழி வைத்து, துப்புரவாக்கப் பின்னால் திறக்கிற கதவோடு பன்னிரண்டு பெட்டிகள் செய்தோம். மேலே ஏறி, பழைய அறையைக் கழற்றிவிட்டுப் புதியதைத் தள்ளிப் பூட்டவேண்டும். குருவி வருமுன்னரே மாரிக் குளிரில் செய்திருக்கவேண்டிய வேலை, இழுபட்டு மே மாதம் வந்துவிட்டது.

எந்த மே என்று உங்களுக்குத் தெரியும். வன்னியில் எல்லாம் முடிந்த 2009 மே. என் தம்பி குணமும் மனைவி மாலாவும் பிள்ளையும் உள்ளே அகப்பட்டிருந்தார்கள். கடைசியாக அவன் குரலைக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல். வேலை முடிந்தால் போரை நிறுத்தச் சொல்லி ஊர்வலம், ஊர்வலம் முடிந்தால் டெலிபோன், டெலிபோன் முடிந்தால் வேலை என்று கிழமைக்கணக்காக ஓடியதில் உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. நான் சொல்லவந்த அந்த நாள் காலையில்தான் போர் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள்.

"இண்டைக்கு லீவு போடுங்கோவன்" என்றாள் மனைவி.

"வீட்டில இருந்து என்னத்தைச் செய்யிறது" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஒன்பது அறைகள் முதலே முடிந்திருந்தன. மத்தியானம் கழிந்து மற்ற மூன்றுக்கும் ஏறினேன். புல் ஈரம், ஏணியின் ஒரு கால் ரப்பர் ஆட்டம், ஆகவே கீழே ஹென்ரிக் பிடிக்கவேண்டும். இடையில் அவனைக் கட்டடத்துக்குள் கூப்பிட்டார்கள். இறங்கி நில் என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனானாம். ட்ரில் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

உக்கிய பலகையை நெம்ப ஒருபக்கம் சரிந்தேன், ஏணி வழுக்கியது. சரி, போச்சு என்று நினைத்தேன், பயம்கூட வரவில்லை, அவ்வளவு களைப்பு. அப்போது யாரோ கீழே தோளைக் கொடுத்து முட்டியதுபோல ஏணி நின்றது, நின்றது மட்டுமில்லை, பழைய இடத்துக்கு மெல்ல வந்தது. ஹென்ரிக்தான் என்று நினைத்து, குனியாமலே டேனிஷில் நன்றி சொன்னேன். அந்த அறையைப் பூட்டி முடித்தேன். இன்னும் இரண்டு. கை தூக்க முடியவில்லை. நெற்றியைப் பலகையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணை, முடிஞ்சுதோ?"

கீழேயிருந்து, நல்ல தமிழில். நம்பினால் நம்புங்கள், எனக்கு அது புதினமாகவே படவில்லை. குரலைப் பற்றி யோசிக்கவும் இல்லை. எனக்கு இறங்கவேண்டும், அவ்வளவுதான்.

"ஓம், முடிஞ்சுது" என்றேன். இரண்டு அறை மிச்சம் இருக்கத்தக்கதாகவே சொன்னேன்.

"அப்ப சரி."

நான் இறங்கி முடியும்வரை ஏணி சுவர்போல நின்றது. புல்லில் கால் வைத்து நான் விலகியதும் அது சரிந்து நிலத்தில் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன், தோட்டத்தில் ஒருவரும் இல்லை.

ஹென்ரிக் ஓடிவந்தான். கழன்ற ரப்பர் புல்லில் கிடந்தது, வெறும் இரும்புக் கால் வளைந்திருந்தது. ஏணியைத் தூக்கிக் கம்பத்தில் மூன்றுதரம் சாத்திப் பார்த்தான், மூன்றுதரமும் விழுந்தது. "இது எப்படி நிண்டது?" என்றான்.

அந்த நேரம் இங்கர் வந்தார். தோட்டத்துப் பக்க அறையில் இருந்த கிழவி, நாள் தவறாமல் பத்திரிகையில் குறுக்கெழுத்துப் போடுகிறவர், புத்தி கூர்மை. கையில் தட்டு, தட்டில் இரண்டு கோப்பை கோப்பி.

"உனக்கும் உன்ர சொந்தக்காரனுக்கும்" என்றார். "எங்க அவன்? உன்னை மாதிரியேதான் இருந்தான். இந்தக் குளிருக்குள்ள வெறும் சேட்டோட விட்டிருக்கிறாய், ஒரு ஜக்கெட் குடுத்திருக்கலாமே."

இரண்டாவது கோப்பையை ஹென்ரிக் எடுக்கப் போனான். நான் விடவில்லை. அது புல்லிலேயே ஆறிப்போனது.

மற்ற இரண்டு அறையையும் அடுத்தநாள் புது ஏணியில் ஹென்ரிக் ஏறிப் பூட்டினான். அடுத்த வசந்தத்தில் குருவிகளும் வந்தன.

மாலாவும் பிள்ளையும் முகாமில் உயிரோடு இருக்கிறார்கள் என்று செய்தி வர மூன்று மாதம் சென்றது. குணம் தண்ணீர் எடுக்கப் போனவன் திரும்பவில்லையாம். எந்த நாள் என்று கேட்டேன். நாள் கணக்கே தெரியாமல் கிடந்தோம் அத்தான் என்றாள் மாலா. உடலும் இல்லை, எந்தப் பட்டியலிலும் பெயரும் இல்லை. முகாமிலிருந்து வெளியே வந்த நாள்தொட்டு அவனுடைய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, காணாமல் போனவர்களைத் தேடுகிற மற்றப் பெண்களோடு அவள் தெருவோர வெயிலில் போய்க் குந்தியிருக்கிறாள்.

தோட்டத்தில் நடந்ததை நான் அவளுக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஏணியைப் பிடித்தது அவன்தான் என்றால் அவன் உயிரோடு இல்லை. அவன் எங்கேயோ இருக்கிறான் என்றால் பிடித்தது யார்?

அதைவிட ஒன்றுதான் என்னை இன்றைக்கும் தின்கிறது. நான் ஏன் குனிந்து பார்க்கவில்லை. இல்லையடா, இன்னும் இரண்டு கிடக்குது, பிடி என்று உள்ளதைச் சொல்லியிருந்தால், இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பானோ? முடிஞ்சுதோ என்று அவன் கேட்டது குருவி வீட்டைத்தானோ என்பதும் எனக்குத் தெரியாது.

போன மாதம் மாலா டெலிபோன் எடுத்தாள். அழவில்லை, களைத்த குரல்.

"அத்தான், பிள்ளைக்கும் கலியாண வயசு வந்திட்டுது. நான் இந்தப் பொட்டை வைக்கிறதோ, விடுறதோ? நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, நான் கேக்கிறன்."

லைன் கிளியர் இல்லை, பிறகு எடுக்கிறன் என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நல்ல கிளியராகத்தான் இருந்தது.