மகேஸ்வரிக்கு வார்த்த எள்ளுத் தண்ணீர்

எழுதுகிற அளவுக்கு நான் படித்தவன் இல்லை, பத்தாவதோடு நின்றவன், தப்பு இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுப்பதுகூட ஊர் வாய்க்குப் பயந்துதான். ஆனால் போன ஆடி அமாவாசையன்று நடந்ததை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஜீயபுரம். என் மனைவி மகேஸ்வரிக்கு எப்போதும் தாகம். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், பஸ்ஸில் போனாலும் மடியில் ஒரு பித்தளைச் செம்பு இருக்கும், தூக்கத்திலும் எழுந்து குடிப்பாள். சர்க்கரையோ என்று டெஸ்ட் எடுத்தும் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை.

அன்று அவளைச் சமையலுக்கு விட்டுவிட்டு நான் மட்டும் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் போனேன். படித்துறையில் கால் வைக்க இடமில்லை. வாத்தியார் எங்களை வரிசையாக உட்காரவைத்து, கையில் எள்ளைக் கொடுத்து, இறந்தவர்கள் பெயரை ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார். அப்பா, தாத்தா, பாட்டி வரை சொல்லிவிட்டேன்.

"கொள்ளுப்பாட்டி பேரு?"

எனக்குத் தெரியவில்லை.

"சீக்கிரம் சொல்லுங்கோ, பின்னால எத்தனை பேர் நிக்கறா பாருங்கோ."

பக்கத்தில் இருந்தவர், "மச்சினி பேரைக் கேளுங்க சாமி, டக்குனு சொல்லுவாரு" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அந்தக் கூச்சத்தில், நாள் முழுக்கக் கூப்பிட்டுப் பழகிய பெயர் வாயில் வந்துவிட்டது.

"மகேஸ்வரி."

வாத்தியார் அந்தப் பெயரைச் சேர்த்து மந்திரத்தை முடித்து, "ம், விடுங்கோ" என்றார். உயிரோடு இருக்கிற பெண்டாட்டிக்கு! நிறுத்துங்க சாமி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறுபடி சிரிப்பார்களே என்று தண்ணீரை விட்டேன். நம்பினால் நம்புங்கள், அது தாம்பாளத்தில் விழுகிற சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

எழுந்ததும் வாத்தியாரைத் தனியாகப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன்.

"பேரெல்லாம் இந்த உடம்போட சரி. பொறக்கறது, சாகறது எல்லாமே மாயை. யாருக்குப் போகணுமோ போயிடும், கவலைப்படாதேள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போன் போட்டேன், அவள் எடுக்கவில்லை. பஸ்ஸில் வேண்டாத சாமி இல்லை.

அடுப்பங்கரை நிலைப்படியில் மகேஸ்வரி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு உயிர் வந்தது. பக்கத்தில் செம்பு நிறையத் தண்ணீர், தொடாமல் இருந்தது.

"ஏங்க, தண்ணி குடுத்துட்டு ஒரு வார்த்தை பேசாம போயிட்டீங்களே?"

"யாரு, நானா?"

"பின்ன யாரு, எதுத்த வீட்டுக்காரரா? வாசல்ல நின்னு கையில ஊத்துனீங்க. துளிதான் ஊத்துனீங்க, வயிறு ரொம்பிப் போச்சு."

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஓர் எள் ஒட்டியிருந்தது. சமையலுக்கு எடுத்தாளோ என்னவோ, நான் கேட்கவில்லை. நான் செய்ததையும் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. அதிலிருந்து அவளுக்குத் தாகமே எடுப்பதில்லை. வெயில் காலத்திலும் நான் ஞாபகப்படுத்தினால்தான் குடிக்கிறாள், அப்போது அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசுகிறது.

மறுநாள் மருங்காபுரியில் இருக்கும் அத்தைக்குப் போன் செய்து, அவருடைய அப்பத்தாவின், அதாவது என் கொள்ளுப்பாட்டியின், பெயரைக் கேட்டேன்.

"யாருக்குடா தெரியும்? அப்பத்தான்னுதான் கூப்பிடுவோம். காய்ச்சல்ல குடுக்கக்கூடாதுன்னு யாரும் குடுக்கல, தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே போயிடுச்சு."

அன்று மாலை மகேஸ்வரி அந்தச் செம்பைப் புளி போட்டு விளக்கிப் பரணில் வைத்தாள்.